எச்சில் குழாயும் எங்கப்பாவோட சர்க்கரையும்

போன மாசம் ஆபீஸ்ல ஹெல்த் கேம்ப். வருசா வருசம் நடக்கறதுதான். பி.பி. பார்ப்பாங்க, இடுப்பை டேப் வச்சு அளப்பாங்க, விரல்ல குத்துவாங்க, கடைசியா ஒரு வாழைப்பழமும் டப்பா ஜூஸும் குடுத்து அனுப்பிடுவாங்க. (சர்க்கரை பார்த்த கையோட ஜூஸ் குடுக்கற லாஜிக் எனக்கு இன்னிவரைக்கும் புரியல!)

இந்த வருசம் கூடுதலா ரெண்டு ஐட்டம். ஒண்ணு, நாலு பக்கத்துக்கு ஒரு படிவம். அதுல மூணாவது பக்கத்துல, "பெற்றோரில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா?" ரெண்டாவது, விருப்பப்பட்டவங்களுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். அதுல எச்சில் துப்பிக் குடுத்தா மரபணுவைப் பார்த்து, வருங்காலத்துல சர்க்கரை, கொதிப்பு, மாரடைப்பு இதுல எது வர எவ்வளவு வாய்ப்புன்னு ரிப்போர்ட் வருமாம். செலவு கம்பெனியோடது.

படிவத்துல அந்தக் கேள்விக்கு "இல்லை"ன்னு டிக் போட்டேன்.

பச்சைப் பொய். அப்பாவுக்குப் பதினாறு வருசமா சர்க்கரை. அம்மாவுக்கு ஆறு வருசமா. குழாயை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். துப்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் துப்பறிவோம்னு உக்காந்து படிச்சதுதான் கீழ வர்ற கதை.

முதல்ல அப்பா கதை. எங்க ஊர் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவுல. அந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் லாரிக்கு பாடி கட்டற பட்டறை, அதைத் தாண்டினா கோழிப்பண்ணை. அப்பா நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டினவர். லோடு ஏத்திட்டுக் கிளம்பினா திரும்பி வர இருபது நாள் ஆகும். ராத்திரி பூரா ஸ்டியரிங், பகல்ல தூக்கம், கிடைச்ச இடத்துல சாப்பாடு, கண்ணு சொக்காம இருக்க மணிக்கொரு டீ. ஒவ்வொரு டீக்கும் ரெண்டு கரண்டி சர்க்கரை.

சர்க்கரை நோய்னு தெரிஞ்சப்ப அவர் முதல்ல பண்ணின காரியம், அதை ஓனர்கிட்ட மறைச்சது. மாத்திரை அட்டையை டேஷ்போர்டுல முருகர் படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிருப்பாராம். கூடவே வர்ற கிளீனர் பையனுக்கும் தெரியாது. "ஓனருக்குத் தெரிஞ்சா, ராத்திரில கண்ணு மங்கும்னு சொல்லி வண்டிய வேற ஆளுகிட்டக் குடுத்துருவாங்க கண்ணு" அப்படின்னார், ரொம்ப நாள் கழிச்சு நான் கேட்டப்ப. சர்க்கரை இருக்கறவர் சாப்பாட்டு நேரத்தைக் கூட யார்கிட்டயும் கேட்டு வாங்க முடியாம பல வருசம் ஓட்டியிருக்கார்.

அதுக்கும் என்னோட பொய் டிக்குக்கும் நடுவுல பதினாறு வருசம், ஒரு இன்ஜினியரிங் டிகிரி, ஏசி ஆபீஸ் எல்லாம் வந்திருச்சு. பயம் மட்டும் அப்பாவோட அதே பயம். அதனால இந்தப் பயத்துக்கு நிஜமாவே அடிப்படை இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன்.

ஒரு விசயம் சொல்லணும். பரம்பரைக் குணம் பார்த்துப் பொறுக்கறதுங்கறது நாமக்கல்காரனுக்குப் புதுசே இல்லை. எங்க பண்ணைகள்ல இருக்கற கோழி நாட்டுக்கோழி கிடையாது. பி.வி.300 மாதிரி, முட்டைக்குன்னே தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து உண்டாக்கின ரகம். பண்ணை வச்சிருக்கற எங்க மாமா கூண்டு வரிசையில நடந்துக்கிட்டே கொண்டையோட நிறத்தைப் பார்த்து, "இது இனி தேறாது"ன்னு சொல்லிடுவார். தேறாததைக் கழிச்சு விட்டுடுவாங்க. முட்டை யாவாரத்துல அது சரி. அதே கணக்கை வேலைக்கு வர்ற மனுசங்ககிட்டப் போட்டா?

போட்டுப் பார்க்கலாம்னு சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. ஜே.பி.எஸ். ஹால்டேன். மரபியல்ல மேதை, இடதுசாரி, 1957-ல் இங்கிலாந்தை விட்டுட்டு நம்ம நாட்டுக்கு வந்து, 1964-ல் புவனேஸ்வர்ல இறந்தவர். அவர் 1938-ல் எழுதின 'மரபும் அரசியலும்'ங்கற புத்தகத்துல மண்பாண்டத் தொழிலாளிகளைப் பத்திப் பேசறார். அந்தத் தூசியில வேலை செய்யறவங்களுக்கு நெஞ்சுச்சளி நோய் அதிகம். ஆனா எல்லாருக்கும் வர்றதில்லை. ஒருவேளை பிறவியிலேயே அதுக்கு ஏதுவான உடம்பு உள்ளவங்களுக்கு மட்டும் வருதோ? அப்படின்னா அவங்களை அந்த வேலைக்கே எடுக்காம விட்டா நோயை ஒழிச்சிடலாமேங்கறார்.

இதுல வேடிக்கை என்னன்னா, அவரோட அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் சுரங்கத் தொழிலாளிகளோட சாவை ஆராய்ஞ்சவர். விபத்துல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்களைக் கொன்னது கார்பன் மோனாக்சைடு வாயுதான்னு 1890-கள்ல கண்டுபிடிச்சு, சுரங்கத்துக்குள்ள சின்னப் பறவைகளைக் கொண்டு போகச் சொன்னவர். அப்பா காத்தை கவனிச்சார். பையன் அந்தக் காத்தைத் தாங்கற ஆளைத் தேடலாமேன்னார். நம்ம பாசையில சொன்னா, பக்கைச் சரி பண்ணாம, அந்த பக் யாருக்கு வருதோ அந்த யூசரை லாகின் ஆக விடாம பண்றது :-)

ஹால்டேன் சொன்னப்ப அது வெறும் யோசனை. டெஸ்ட் எதுவும் கையில இல்லை. 1956-ல் வந்துச்சு. பிரைமாகுயின்னு ஒரு மலேரியா மாத்திரை சிலருக்கு மட்டும் ரத்தச் சிவப்பணுவை உடைச்சுது. காரணம், ஜி6பிடிங்கற நொதி அவங்களுக்குப் பிறவியிலேயே குறைச்சல். உடனே அடுத்த கேள்வி, மாத்திரைக்கு உடையற ரத்தம் தொழிற்சாலை ரசாயனத்துக்கும் உடையுமா? 1963-ல் ஸ்டோகிங்கர், மவுன்டன்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், ரசாயன ஆலையில வேலைக்கு எடுக்கறப்பவே இதைச் சோதிக்கலாம்னு எழுதினாங்க.

அப்புறம் வந்தது சிக்கிள்செல். இதுல நமக்கும் பங்கு உண்டு. 1952-ல் நீலகிரிப் பழங்குடிகளோட ரத்தத்துல லேமன், கட்புஷ் ரெண்டு பேரும் இதைக் கண்டுபிடிச்சாங்க. அதே வருசம் மேல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள்கிட்டயும் கண்டுபிடிச்சாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த மரபணு வந்தா நோய். ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா, பெரும்பாலும் சாதாரணமா வாழ்ந்துட்டுப் போற ஆள்தான். இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க.

அமெரிக்காவுல டூபாண்ட் ரசாயன நிறுவனம் 1972-ல் இருந்து கறுப்பினத் தொழிலாளிகளுக்கு இந்த டெஸ்டை எடுத்துச்சு. 1980-ல் நியூயார்க் டைம்ஸ்ல ரிச்சர்ட் செவேரோ வரிசையா எழுதினப்பதான் ஊருக்கே தெரிஞ்சுது. அமெரிக்க விமானப்படை அகாடமி, ஒத்தை மரபணு மட்டும் இருக்கற ஆரோக்கியமான பசங்களையும் 1981 வரைக்கும் சேர்க்காமலே இருந்துச்சு. நோய் வராத ஆளை நோய் வரும்னு சொல்லிக் கழிச்சு விட்ட கதை. ஒத்தைக்கும் ரெட்டைக்கும் வித்தியாசம் தெரியாத மேனேஜர் கையில டெஸ்ட் ரிசல்ட் போனா இதுதான் நடக்கும். அட, வித்தியாசம் தெரிஞ்ச மேனேஜரே "எதுக்கு ரிஸ்க்கு"ன்னு அதையே செஞ்சாலும் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்தோட தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1982-ல் பெரிய பெரிய நிறுவனங்களைக் கேட்டுச்சு. இப்ப மரபணு டெஸ்ட் பண்றோம்னு சொன்னது 6. முன்னாடி பண்ணினோம்னு சொன்னது 17. எதிர்காலத்துல பண்ணலாம்னு இருக்கோம்னு சொன்னது 59! 1983-ல் இந்த அறிக்கை வந்துச்சு.

சொல்லிட்டுப் பண்ணினா ஒரு ரகம், சொல்லாமப் பண்ணினது இன்னொரு ரகம். கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துல வேலைக்குச் சேர்றப்ப எடுத்த ரத்தத்துலயும் சிறுநீர்லயும், அவங்களுக்கே தெரியாம மேகநோய், கர்ப்பம், கறுப்பினத்தவரா இருந்தா சிக்கிள்செல்னு பார்த்திருக்காங்க. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொழிலாளிகள் பக்கம் நின்னுச்சு. அதுக்கப்புறம் ரயில் கம்பெனி பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே. தண்டவாள வேலை செஞ்சு செஞ்சு மணிக்கட்டு நரம்பு போச்சுன்னு நஷ்டஈடு கேட்டவங்களோட ரத்தத்தை எடுத்து, இவங்க பரம்பரையிலேயே அந்தக் கோளாறு இருக்கான்னு ரகசியமா தேடியிருக்காங்க. அதாவது, தப்பு எங்க மெசின் மேல இல்லப்பா, உங்க தாத்தா மேலன்னு சொல்ல ஒரு வழி. 2001-ல் வழக்கு, 2002-ல் 36 பேருக்கு 22 லட்சம் டாலர் குடுத்து முடிச்சாங்க.

இத்தனை அடிபட்டுத்தான் 2008 மே மாசம் 'ஜினா' சட்டம் வந்துச்சு. செனட்ல 95-க்கு 0. கீழ்சபையில 414-க்கு 1. (அந்த ஒத்தை ஆள் ரான் பால்.) மரபணுத் தகவலை வச்சு வேலை குடுக்கறதையோ மறுக்கறதையோ பண்ணக் கூடாது, முதலாளி அதைக் கேட்கவும் கூடாதுங்கறது சட்டம். தானா முன்வந்து சேர்ற உடல்நலத் திட்டத்துக்கு மட்டும் நிபந்தனையோட விலக்கு உண்டு.

இந்தச் சட்டத்துல முதல்ல நஷ்டஈடு வாங்கிக் குடுத்த பெரிய ஜூரி வழக்கு எதுன்னு கேட்டா சிரிப்பீங்க. அட்லாண்டா பக்கம் ஒரு சரக்குக் கிடங்குல யாரோ ஒரு புண்ணியவான் அடிக்கடி தரையிலேயே வெளிக்குப் போய் வச்சிட்டுப் போயிருக்கார். ஆளைப் பிடிக்க ரெண்டு தொழிலாளிகளோட எச்சிலை எடுத்து டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்திருக்கு கம்பெனி. ரெண்டு பேரும் இல்லை. 2015-ல் ஜூரி அவங்களுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல குடுக்கச் சொல்லிச்சு. உண்மையான ஆள் யாருன்னு கடைசி வரைக்கும் மர்மம்தான்!

ஆனா என்னை உலுக்கினது வேற ஒரு சின்ன வழக்கு. 2013, ஓக்லஹாமா மாநிலம் டல்சா நகரம், ஃபேப்ரிகட்ங்கற துணி மொத்த வியாபாரக் கம்பெனி. ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கறப்ப மருத்துவப் படிவத்துல, குடும்பத்துல யாருக்காவது இதயநோய், சர்க்கரை எல்லாம் இருக்கான்னு கேட்டிருந்தாங்க. எச்சிலும் இல்லை, ரத்தமும் இல்லை. கேள்வி மட்டும்தான். அதுவும் சேர்ந்த வழக்கை 50,000 டாலர் குடுத்து முடிக்க வேண்டியதாச்சு. ஏன்னா அந்தச் சட்டப்படி குடும்ப நோய் விவரமும் மரபணுத் தகவல்தான். ஆக என் படிவத்துல மூணாவது பக்கத்துல இருந்ததும் ஒரு மரபணு டெஸ்ட்தான், குழாய் இல்லாத டெஸ்ட்.

நம்ம நாட்டுல? இப்படி ஒரு சட்டம் கிடையாது. 2018 பிப்ரவரியில டெல்லி உயர் நீதிமன்றம், மருத்துவக் காப்பீட்டுல மரபணுவைக் காரணம் காட்டிப் பாகுபாடு பண்றது அரசியல் சட்டத்தோட 14-ஆவது பிரிவுக்கு எதிரானதுன்னு சொல்லிச்சு. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் போச்சு. ஆனா அது இன்சூரன்ஸ் பத்தின பேச்சு, வேலை பத்தினது இல்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்துல மரபணுத் தகவலுக்குன்னு தனி வகையே கிடையாது. என் போன் நம்பரும் என் டிஎன்ஏவும் அங்க ஒரே வரிசைதான்.

இதோட நிறுத்தியிருந்தா, "நல்லவேளை பொய் சொன்னோம்"னு குழாயைக் குப்பையில போட்டுட்டுத் தூங்கியிருப்பேன். ஆனா கதையோட அடுத்த பாதி சென்னையில இருக்கு.

ராயபுரத்து டாக்டர் எம். விசுவநாதனும் அவர்கூட வேலை செஞ்சவங்களும் 1985-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சர்க்கரை இருந்தா பிள்ளைங்க கதி என்ன? பார்த்த பிள்ளைங்கள்ல பாதிக்கும் மேல சர்க்கரையோ, அதுக்கு முந்தின நிலையோ இருந்துச்சு. (இதைப் படிச்ச அன்னிக்கு நைட்டு பரோட்டா இறங்கல.) பரம்பரைன்னா பரம்பரைதான், சந்தேகமே இல்லை.

ஆனா இன்னொரு கணக்கைப் பாருங்க. சென்னையில பெரியவங்கள்ல சர்க்கரை உள்ளவங்க 1989-ல் 100-க்கு 8.3. 2004-ல் 14.3. பதினஞ்சு வருசத்துல ஒரு ஊரோட மரபணு மாறாது. அப்ப மாறினது என்ன? உக்காந்து பார்க்கற வேலை, வண்டி, தட்டுல விழற சோறு. டாக்டர் வி. மோகன் குழு 2007-ல் சொன்னது, ஐஸ்லாந்துல அதுக்கு முந்தின வருசம் கண்டுபிடிச்ச டி.சி.எஃப்.7.எல்.2 மரபணுவுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு சென்னைக்காரங்ககிட்டயும் இருக்குன்னு. சர்க்கரை விசயத்துல தெரிஞ்ச பொது மரபணுக்கள்ல இதுதான் பெரிய தலை. இந்தப் பெரிய தலையோட ஒரு பிரதி உங்ககிட்ட இருந்தா ஆபத்து ஏறத்தாழ ஒண்ணரை மடங்குக்குள்ளதான் கூடும். குழாய் சொல்லப் போறது இந்த மாதிரி நிறையச் சின்னச் சின்னக் கணக்கோட கூட்டல்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செஞ்ச இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளிவந்துச்சு. ஆட்களை எங்க பிடிச்சாங்க தெரியுமா? ஆபீஸ்கள்ல. வேலைக்குப் போற நடுத்தர வர்க்கத்து ஆட்கள்ல, சர்க்கரை இன்னும் வரல ஆனா வாசல்ல நிக்குதுங்கற 531 பேர். ஒரு குழுவுக்கு சாதாரண அறிவுரை மட்டும். ஒரு குழுவுக்கு தினம் அரை மணி நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு. ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. இன்னொண்ணுக்கு ரெண்டும். மூணு வருசத்துல முதல் குழுவுல 55 சதவீதம் பேர் சர்க்கரைக்காரங்க ஆயிட்டாங்க. நடை, சாப்பாடு குழுவுல 39.3. மாத்திரைக் குழுவுல 40.5. ரெண்டும் சேர்த்தா 39.5, அதாவது சேர்த்ததால கூடுதல் லாபம் இல்லை. ஏற்கெனவே உடல் உழைப்பு வேலை செய்யறவங்களை, இருக்கறதையே தொடரச் சொல்லிட்டாங்களாம். அந்தக் கரிசனம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

அதுக்கடுத்து 2013-ல் எஸ்.எம்.எஸ். ஆய்வு. கம்பெனிகள்ல வேலை செய்யற 8,741 பேரைச் சலிச்சு, வாசல்ல நிக்கற 537 ஆம்பளைங்களை எடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் போன்ல தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பினாங்க. நடங்க, எண்ணெயைக் குறைங்க, இப்படி. ரெண்டு வருசத்துல செய்தி வந்தவங்கள்ல 18 சதவீதம், வராதவங்கள்ல 27 சதவீதம் பேருக்கு சர்க்கரை. வெறும் எஸ்.எம்.எஸ்.ங்க! ஒருத்தரையும் வேலையை விட்டுக் கழிக்கல.

இந்தப் பக்கம் 2016-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஒரு தொகுப்பு. 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துட்டு, "உன் மரபணுவுல ஆபத்து இருக்கு"ன்னு சொல்றதால ஜனங்க நடக்கறதோ, சாப்பாட்டை மாத்தறதோ, புகையை விடறதோ பெருசா நடக்கலைன்னு சொல்லிடுச்சு.

அப்ப படிவத்துல குடும்பத்தைப் பத்தி எதுக்குக் கேட்டாங்க? அதுக்கும் பதில் சென்னையில இருந்துதான். மோகன் குழு 2005-ல் ஒரு மதிப்பெண் அட்டை போட்டாங்க. மொத்தம் 100. வயசுக்கு 30 வரைக்கும், இடுப்புச் சுத்தளவுக்கு 20 வரைக்கும், உடல் உழைப்பு இல்லாததுக்கு 30 வரைக்கும், பெத்தவங்களுக்கு 20 வரைக்கும் (ஒருத்தருக்கு இருந்தா 10, ரெண்டு பேருக்கும்னா 20). 60-ஐத் தொட்டா உஷார் ஆசாமி, உடனே ரத்தம் பார்க்கணும். ஒரு டேப்பும் நாலு கேள்வியும் போதும்.

எங்க ஆபீஸ் கேம்ப்ல போட்டதும் இதே அட்டைதான். என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வயசு 28, அதுக்கு 0. இடுப்பு 94 சென்டிமீட்டர், 10. நாள் பூரா நாற்காலி, உடற்பயிற்சி கிடையாது, 30. பெத்தவங்க 0. மொத்தம் 40, "நடுத்தர ஆபத்து". 60 வந்தவங்களை மட்டும் வெறும் வயித்துல குளுக்கோஸ் குடிக்க வச்சுப் பார்க்கற டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. என்னைக் கூப்பிடல.

உண்மையைப் போட்டிருந்தா சரியா 60.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போயிட்டேன். சனிக்கிழமை காலையில நாமக்கல்ல ஒரு லேப்ல என் காசுல குளுக்கோஸ் தண்ணி குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். அப்பாவும் கூட வந்தார். எதுக்குன்னு கேட்டவர்கிட்ட படிவ விவகாரத்தையும் சொல்லிட்டேன். திட்டுவார்னு பார்த்தா, கொஞ்ச நேரம் ரோட்ல போற லாரிகளையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"நானு மறைச்சதுக்கு ஒரு நாயம் இருந்துச்சு சாமி. வண்டி போயிருந்தா உன்ற பீஸ் கட்ட முடியாது. நீ எதுக்கு மறைச்ச?"

"இன்சூரன்ஸ்ல ஏதாச்சும் பண்ணுவாங்களோன்னுதானுங்கப்பா. அப்புறம் தங்கச்சிக்கு வேற மாப்பிள்ளை பார்க்கறோம், குடும்பமே சர்க்கரைன்னு எங்கயாச்சும் பதிவாகி..."

"அவுங்க வந்து நம்மூட்டு டீயக் குடிச்சாலே தெரிஞ்சிரும் போ. சர்க்கரையே இருக்காது" அப்படின்னு சிரிச்சுட்டார்.

ரெண்டு மணி நேர ரிசல்ட் 152. 140-க்குக் கீழ இருந்தா நார்மல், 200-ஐத் தொட்டா சர்க்கரை. வாசல்ல நிக்கறேன். அந்த 531 பேர் மாதிரியே.

அன்னிக்குச் சாயந்திரம் அம்மாவோட தையல் டேப்பை எடுத்து வீட்ல எல்லாருக்கும் இடுப்பு அளந்தேன். தங்கச்சி ஓடிப் போயிட்டா. அப்பாவுக்கு நோய் வர்றதுக்கு முந்தின வருசக் கணக்கை ரெண்டு பேருமா உக்காந்து ஞாபகத்துல போட்டுப் பார்த்தோம். வயசுக்கு 20, தொப்பைக்கு 20. பாட்டிக்கு இருந்துச்சு, அதுக்கு 10. உழைப்புன்னு வந்தப்பதான் சண்டை. "லாரி ஓட்டறது உழைப்பு இல்லைன்னு எந்தப் படிச்சவன் சொன்னான்?"னு கேட்டார். உக்காந்து பார்க்கற வேலைதானுங்களேன்னேன். ஒத்துக்கவே இல்லை. லோடு கட்டறது, தார்ப்பாய் இழுக்கறது, டயர் கழட்டறதெல்லாம் கணக்குல சேர்த்துக்கச் சொன்னார். பேரம் பேசி 10 போட்டோம். அப்பவும் 60 வந்துச்சு.

ஞாயிறு காலைல ரெண்டு பேரும் ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தோம். குழாய் இன்னும் என் டிராயர்லதான் இருக்கு. எச்.ஆர்.க்கு மெயில் போட்டு மூணாவது பக்கத்தைத் திருத்தணும்னு டிராஃப்ட் எழுதி வச்சிருக்கேன். ரெண்டு வாரமாச்சு, இன்னும் அனுப்பல.